ராய்ச்சூர்: 41 அடிக் கல், 43 டிகிரி வெயில்

மே 17, இரவு. ரயில்

"மே மாசத்துல ராய்ச்சூரா? வெயிலைப் பாக்கறதுக்குக் காசு குடுத்துப் போறீங்களா?" வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான். என்னிடம் பதிலும் இருந்தது, அதை வெளியே சொல்லத்தான் கூச்சம். 1520 மே 19-ஆம் தேதி ராய்ச்சூரில் கிருஷ்ணதேவராயருக்கும் பீஜப்பூரின் இஸ்மாயில் அடில் ஷாவுக்கும் பெரிய சண்டை நடந்தது. அதே தேதியில், அதே வெயிலில், அந்தக் கோட்டைக் குன்றின் உச்சியில் நிற்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை. ஐம்பதை நெருங்குகிற ஆள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "லீவு மே மாசம்தான் கிடைச்சுது" என்று சொல்லி வைத்தேன்.

சென்னையிலிருந்து மும்பை போகும் தடத்தில்தான் ராய்ச்சூர் இருக்கிறது. எத்தனையோ தடவை தூக்கத்தில் கடந்த ஸ்டேஷன். இந்தத் தடவை எங்கள் பெட்டி முழுக்க மந்த்ராலயம் போகிறவர்கள். எதிர் சீட்டு மாமா என்னையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போனால் பிருந்தாவன தரிசனத்துக்குக் கூட்டம் இருக்காது என்று விளக்க ஆரம்பித்தார். நான் அதற்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறேன் என்றதும் கொஞ்சம் குழம்பினார்.

"ராய்ச்சூர்ல என்ன க்ஷேத்திரம்?"

"க்ஷேத்திரம் இல்ல சார். கோட்டை."

"ஓ." சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மாமியிடம் திரும்பி, "அவருக்கு ரெண்டு இட்லி குடு" என்றார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழை இலையில். அனுதாபத்தின் பேரில் வந்ததாக இருந்தாலும் இட்லி நன்றாகவே இருந்தது.

மே 18. ராய்ச்சூர்

மந்த்ராலயம் ரோட்டில் பெட்டியே காலியானது. பாதி தூக்கத்தில் இருந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனபின், நானும் ஒரு முறுக்கு பாக்கெட்டும் மிச்சம். வண்டி துங்கபத்திரைப் பாலத்தில் ஏறியது. கீழே பாறையும் மணலும், நடுவில் வேட்டிக்கரை மாதிரி கொஞ்சம் தண்ணீர்.

இந்த ஆற்றைத் தாண்டினால் தோஆப். பாரசீகத்தில் 'இரண்டு நீர்' என்று அர்த்தம். தெற்கே துங்கபத்திரை, வடக்கே கிருஷ்ணா, நடுவில் ஒரு கரிசல் துண்டு. தெற்கே விஜயநகரம் 1336-இல் எழுந்தது, வடக்கே பாமனி அரசு 1347-இல் (பின்னால் அது உடைந்து வந்த அரசுகளில் ஒன்றுதான் பீஜப்பூர்). அன்றிலிருந்து இரண்டு பக்கமும் இந்தத் துண்டை 'எங்களுடையது' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பருத்தி விளையும் மண், பக்கத்திலேயே தங்கம், போதாததற்கு இரண்டு நல்ல கோட்டைகள்: ராய்ச்சூர், முத்கல். அடித்துக்கொள்ள வேறு காரணம் தேவைப்படவில்லை.

காலை ஏழு மணிக்கே ஸ்டேஷன் வாசலில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. லாட்ஜில் ஏ.சி. ரூம் 1,100 ரூபாய். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வந்தது. கீழே சொன்னேன். கவுன்டர் பையன், "அது மொட்டை மாடி டேங்க் ஸார். பத்து மணிக்கு மேல திறக்காதீங்க, டீ போட்டுடலாம்" என்றான். என்னிடம் பாதி தெலுங்கு, பாதி இந்தி. போனில் கன்னடம். பக்கத்தில் தரை துடைத்த பெண்ணிடம் உருது. எந்த இடத்தில் எதை மாற்றினான் என்று கவனிக்கவே முடியவில்லை.

காலை டிபன் ஒக்கரணியும் மிர்ச்சியும். பொரியை நனைத்துப் பிழிந்து, கடுகு, பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள் போட்டுத் தாளித்து, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவித் தருகிறார்கள். கூடவே விரல் நீள மிளகாய் பஜ்ஜி இரண்டு. 40 ரூபாய். பொரியில் உப்புமா என்று மனதுக்குள் ஏளனமாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது பிளேட்டை நானே கேட்டு வாங்கினேன். மிளகாயைப் பற்றி மட்டும் யாராவது முன்னாலேயே எச்சரித்திருக்கலாம். கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்த கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் மோரை நகர்த்தி வைத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

கோட்டையைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை, ஊரே அதற்குள்தான் இருக்கிறது. வெளிமதில், அகழி, உள்மதில், நடுவில் குன்று. அகழியில் பாதி தூர்ந்துபோய் மீதியில் ஆகாயத்தாமரை. மதிலோரம் பைக் மெக்கானிக், பழைய டயர், காயப்போட்ட புடவைகள். ஒரு காலத்தில் கொத்தளமாக இருந்த இடத்தில் யாரோ சாணி வரட்டி தட்டியிருந்தார்கள்.

இரண்டு மதிலுக்கும் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். உள்மதில் வாரங்கலை ஆண்ட காகதீயர் காலத்தது, 1294. ஆள் உயரக் கற்களைச் சீராகச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் என் ஏ.டி.எம். கார்டு நுழையவில்லை (போட்டுப் பார்த்தேன், ஓரம் தேய்ந்ததுதான் மிச்சம்). வெளிமதில் பிற்கால சுல்தான்கள் கட்டியது. கரடுமுரடான கல், சாந்துப் பூச்சு, அவசரம் தெரியும் வேலை. பீரங்கி வந்தபின் கட்டியவர்களுக்கு அழகு பார்க்க நேரம் இருந்திருக்காது.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது மேற்குப் பக்க உள்மதிலில் பதித்திருக்கும் ஒரே கல். 41 அடிக்கு மேல் நீளம். ஒரு டவுன் பஸ்ஸை அதன் முன்னால் நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் கல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தெலுங்குக் கல்வெட்டு: காகதீயர்களின் தளபதி கோரே கன்னய்ய ரெட்டிக்காக விட்டலநாதன் இந்தக் கோட்டையைக் கட்டிய செய்தி. அதையும் படித்துவிட்டுப் போயிருந்தேன். பக்கத்தில் இருக்கும் கோட்டுச் சித்திரத்தைத்தான் நேரில் கண்டுபிடிக்க முடியவில்லை. உச்சி வெயில் நேராக அடித்ததில் கல் முழுக்க ஒரே வெளுப்பு.

மதில் நிழலில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் நான் முன்னும் பின்னும் அலைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, "நீர் கொட்ரீ" என்று கை நீட்டினார். தாகம் போல என்று பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கி, மூடியைத் திறந்து, அப்படியே சுவரில் வீசினார். இருபது ரூபாய்த் தண்ணீர், அரை பாட்டில்.

ஈரம் பட்ட இடத்தில் கல் கறுத்தது. கறுப்பில் கோடுகள் வெளுப்பாக எழுந்து வந்தன. முதலில் ஒரு சக்கரம். ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கரம். அதன் மேல் வண்டி, வண்டி மேல் நீளமாகக் கிடக்கும் கல். முன்னால் இழுக்கும் மாடுகள், வரிசை வரிசையாக. எருமைகள் என்றுதான் எனக்குப் பட்டது, கொம்பு பின்னால் சாய்ந்திருந்தது. பின்னால் சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும் ஆட்கள். அந்த 41 அடிக் கல்லைக் கொண்டுவந்த கதையை, கொண்டுவந்தவர்களே அதன் பக்கத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, சாமி இல்லை. மாடும் கடப்பாரையும்தான்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது, வெயில் ஈரத்தைக் குடித்துவிட்டது. கோடுகள் திரும்ப உள்ளே போய்விட்டன. பெரியவர் காலி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். இருபது ரூபாய் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் காலைக் காட்டினார். வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. சூட்டில் பசை இளகிப் பிரிந்துவிட்டதாம். தைத்துத் தர முப்பது ரூபாய்.

மே 19. குன்று

ஐந்தரைக்கு ஆட்டோ. டிரைவர் தக்கினி உருதுக்காரர். "தர்காவுக்கா?" என்றார். கோட்டைக்கு என்றேன். "ஏழரைக்குள்ள இறங்கிடுங்க. அப்புறம் நக்கோ சாப், தூப் பஹுத் ஹை." ஐம்பது ரூபாய். சொல்லிவிட்டு அடிவாரத்தில் இருந்த டீக்கடைக்காரரிடமும் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். ஆள் திரும்பி வராவிட்டால் பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

ஏற்றம் அரை மணி நேரம்கூட இல்லை. செஞ்சிக்கோட்டை ஏறினவர்களுக்கு இதெல்லாம் மாடிப்படி. யானை முதுகு மாதிரி உருண்ட பாறைகள், நடுநடுவே மதில் துண்டுகள், வேலிக்கருவை. வழியெல்லாம் ஆடுகள். ஒரு கிடா நான் உட்கார நினைத்த பாறையில் ஏறி நின்றுகொண்டு நகரவே இல்லை. உச்சியில் பாலா ஹிஸார் என்கிற மேல்கோட்டை. இன்றைக்கு மிச்சம் இருப்பது இடிந்த வளைவுகளும் மொட்டைச் சுவர்களும். சுவர் கைக்கு எட்டுகிற உயரம் வரை காதலர் பெயர்கள், கன்னடத்தில், தெலுங்கில், ஆங்கிலத்தில்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். இருநூறு வருஷம் இரண்டு பக்கமும் இதற்காகவா மல்லுக்கட்டின? ஆனால் நின்று சுற்றிப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. கீழே ஆம் தலாப் ஏரி. அதைத் தாண்டி எல்லாப் பக்கமும் தட்டு மாதிரி சமவெளி. இந்தக் குன்றைத் தவிர கண்ணுக்கு எட்டின தூரம் வரை தூக்கலாக அதிகம் எதுவும் இல்லை. ஒரு படை தூசி கிளப்பிக்கொண்டு வந்தால் மேலே காவல் இருப்பவனுக்கு அரை நாள் முன்னாலேயே தெரிந்துவிடும்.

1520 சண்டையை நமக்கு விலாவாரியாகச் சொல்வது நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி. சண்டைக்குச் சில வருஷம் கழித்து விஜயநகரத்தில் இருந்தவர். அவர் கணக்கில் எல்லாம் ஆரம்பித்தது ஒரு மரைக்காயரால்! கோவாவில் குதிரை வாங்கச் சொல்லி ராயர் 40,000 பர்தாவோ பொன் கொடுத்து அனுப்பினாராம். ஆள் பணத்தோடு அடில் ஷாவிடம் ஓடிவிட்டார். நூனிஸ் அவர் பெயரை 'சிதெ மெர்கார்' என்று எழுதுகிறார். சையது மரைக்காயராகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் முடிவு. மேற்குக் கடற்கரையா, நம் பக்கமா, எந்த ஊர் மரைக்காயரோ. அவரைத் திருப்பி அனுப்பு என்று ராயர் கேட்க, அடில் ஷா மழுப்ப, படை கிளம்பியது.

ராயர் முதலில் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். மதிலுக்கு அடியில் போய்க் கல்லைப் பெயர்க்க ஆட்கள் தயங்கினார்கள். மேலிருந்து குண்டும் அம்பும் விழுந்தால் யார்தான் போவார்கள். அதனால் தளபதிகள் கல்லை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள்: அளவைப் பொறுத்து ஒரு கல்லுக்குப் பத்திலிருந்து ஐம்பது 'பணம்' (அந்தக் காலத்துச் சின்னக் காசு) வரை. நேற்றுப் பார்த்த மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. ஒரு கூட்டம் நெம்பி நெம்பிக் கொண்டுவந்து வைத்த கோட்டையை இன்னொரு கூட்டம் பீஸ் ரேட்டில் பிரித்திருக்கிறது.

இதற்குள் கோட்டையைக் காப்பாற்ற இஸ்மாயில் அடில் ஷா கிருஷ்ணாவைத் தாண்டி வந்துவிட்டார். அவருக்கு அப்போது வயது 22 அளவில்தான். அவர் பலம் பீரங்கி. விஜயநகரப் படை நெருங்கி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெடித்தார். முன்வரிசை சிதறி ஓட்டம் பிடித்தது. ராயர் தன் மோதிரத்தைக் கழற்றி ஒரு பணியாளிடம் கொடுத்து, நான் செத்தால் இதை ராணிகளிடம் காட்டு என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினாராம். மொத்த பீரங்கியையும் ஒரே தடவை வெடித்துவிட்டதால் திரும்ப மருந்து கெட்டிப்பதற்குள் ராயரின் இரண்டாம் வரிசை வந்து விழுந்துவிட்டது. பீஜப்பூர்ப் படை ஆற்றை நோக்கி ஓடியது. 400 பெரிய பீரங்கி, 4,000 குதிரை, 100 யானை பிடிபட்டன என்கிறார் நூனிஸ். அவர் சொல்லும் படை எண்ணிக்கையை நம்பாவிட்டாலும் மோதிரத்தை நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோட்டை அதற்கப்புறமும் பணியவில்லை. கிறிஸ்தோவாவ் தெ ஃபிகெய்ரெதோ என்ற போர்ச்சுகீசியர் குதிரை விற்க வந்தவர், கூடவே இருபது துப்பாக்கிக்காரர்கள். மதில் மேல் தலை காட்டியவர்களை எல்லாம் அவர்கள் குறி பார்த்துச் சுட்டார்கள். கோட்டைத் தலைவரே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தபோது விழுந்தார். மறுநாள் கதவு திறந்தது.

இதையெல்லாம் நினைத்து நெஞ்சு நிமிர்த்தி உச்சியில் ஒரு போட்டோ எடுத்து, 'இன்று மே 19' என்று கல்லூரி நண்பனுக்கு அனுப்பினேன். அவன் வரலாற்று வாத்தியார். இரண்டே நிமிஷத்தில் போன்.

"டேய், அது ஜூலியன் காலண்டர் தேதிடா. இப்ப இருக்கற காலண்டர்ல பத்து நாள் கூட்டணும். 29-ஆம் தேதி வந்திருக்கணும் நீ."

நான் ஒன்றும் பேசவில்லை.

"அதுவும் நூனிஸ் எழுதினது 1522-ன்னு. அமாவாசையை ஒட்டின சனிக்கிழமைன்னு சொல்றாரே, அதை வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் பின்னால வந்தவங்க 1520-ன்னு திருத்தினாங்க. வெயில் எப்படி?"

வெயில் எப்படி என்று சொன்னேன். இங்கே எழுத முடியாது.

ஏழரை தாண்டிவிட்டது. இறங்கும்போது தர்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டார். மண்பானைத் தண்ணீர், எவர்சில்வர் சொம்பில். "குந்த்ரீ, குந்த்ரீ" என்று திண்ணையைக் காட்டினார். மூன்று சொம்பு குடித்தேன். எங்கிருந்து என்றார். மெட்ராஸ் என்றதும், "அல்லி கடல் ஐத்ரி" என்றார், அங்கே கடல் இருக்கிறது என்று. அதைவிட்டு இங்கே ஏன் வந்தாய் என்பதை அவர் கேட்கவில்லை. குரலில் இருந்தது.

சாயங்காலம் வடக்கே நௌரங்கி தர்வாஸா. இடுக்கமான வளைவுகளில் வரிசையாகச் சிற்பங்கள், விஜயநகரக் கை. ராயர் ஜெயித்தபின் சேர்த்த வேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர் 1529-இல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே இஸ்மாயில் கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டார். அந்தச் சிற்பங்களை யாரும் பெயர்த்து எறியவில்லை, வாசலை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்றைக்கும் அதன் வழியாக ஸ்கூட்டியில் காய்கறி போகிறது.

மே 20. முத்கல்

பஸ்ஸில் நூறு கிலோமீட்டருக்கு மேல். லிங்கசுகூருக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சர். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து என்றார் கண்டக்டர். வேப்பமரம் ஒன்றுதான் நிழல், அதற்குக் கீழே நாங்கள் முப்பது பேர். யாரும் கத்தவில்லை. சென்னையாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே பெண்கள் மூட்டையை அவிழ்த்தார்கள்.

கடக் ரொட்டி. நம் ஊர்ச் சோளம்தான், மக்காச்சோளம் இல்லை. கையால் தட்டி, சுட்டு, காயவைத்து அப்பளம் மாதிரி நொறுங்கும். அதன் மேல் நிலக்கடலைச் சட்னிப்பொடி, கெட்டித் தயிர், ஒரு பச்சை வெங்காயம். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு ஒன்று நீட்டினார். கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துவிட்டார். ரொட்டி பெரிதாக இருந்ததில் ஓரத்தைக் கடிக்கப் போய்ப் பொடி முழுக்கச் சட்டையில். முப்பது பேரும் சிரித்தார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு சின்னப் பெண் செய்து காட்டினாள்: முதலில் இரண்டாக உடைக்க வேண்டும், அப்புறம்தான் பொடி.

இந்த வட்டாரத்தில்தான் ஹட்டி தங்கச் சுரங்கம். மஸ்கியும் பக்கம்தான். அசோகர் தன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு 1915-இல் கிடைத்த ஊர். அதைக் கண்டுபிடித்தவரும் தங்கம் தேடிவந்த ஒரு எஞ்சினியர்தான். போக நினைத்திருந்தேன். டயர் அந்த ஆசையை முடித்துவைத்தது.

முத்கல் எனக்கு ராய்ச்சூரைவிடப் பிடித்தது. ஊர் சின்னது. அகழி அகலமானது, அதில் இன்னும் தண்ணீர் இருந்தது, எருமைகள் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தன. ஃபதே தர்வாஸா வழியாக நுழைந்தால் திரும்பித் திரும்பிப் போகும் வழி. யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட முடியாதபடி. உள்ளே குன்றேறினால் கூரை போன வீடுகள், கள்ளி, ஓணான்.

தங்க வேலை செய்கிறவரின் பெண்ணுக்காக ஒரு போர் நடந்ததாகச் சொல்வார்களே, அது இந்த முத்கல்தான். 1406. பார்த்தால் என்ற அந்தப் பெண்ணின் அழகைக் கேள்விப்பட்டு முதலாம் தேவராயர் ஆள் அனுப்ப, அவள் மாட்டேன் என்றாள். உடனே படையை அனுப்பினார். அவள் குடும்பம் அதற்குள் ஊரைவிட்டு ஓடிவிட்டது. வந்த படை சும்மா திரும்பாமல் ஊர்களைச் சூறையாட, ஃபிரோஸ் ஷா பாமனி அதையே சாக்காக வைத்துப் படையெடுத்து ஜெயித்து, ராயரின் மகளைத் தான் கட்டிக்கொண்டு, பார்த்தாலைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தார். இதை எழுதிய ஃபெரிஷ்தா இருநூறு வருஷம் பிந்தியவர், பீஜப்பூர் அரசவைக்காரர். எதிராளி ராஜாவை இளிச்சவாயனாகக் காட்ட இதைவிட நல்ல கதை ஏது? எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. கதையில் வருகிற எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. மாட்டேன் என்று சொன்னவளை அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

1520 கதையின் வாலும் இங்கேதான். தோற்ற அடில் ஷா தூது அனுப்பி, பிடித்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். சரி, உங்கள் ராஜா வந்து என் காலில் முத்தமிடட்டும் என்றார் கிருஷ்ணதேவராயர். அதோ வருகிறார், இதோ வருகிறார் என்று இழுத்தடித்து, எல்லைக்கு வருவார் என்றதை நம்பி ராயர் படையோடு முத்கலுக்கே வந்துவிட்டார். ஆள் வரவில்லை. ஆத்திரத்தில் பீஜப்பூர் வரை போனார். ஜெயித்த கையோடு கால் நீட்டிக்கொண்டு நின்றதுதான் அவர் செய்த தப்பு என்பது என் கட்சி. 1565-இல் விஜயநகரத்தை வீழ்த்திய தலிக்கோட்டைச் சண்டைக்குச் சுல்தான்கள் சேர்ந்து வந்தபோது இந்த மாதிரிப் பழைய கணக்குகள் நிறைய இருந்திருக்கும்.

டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர் நெற்றியில் விபூதி, பெயரில் ஹுசேன். குழப்பமாகப் பார்த்தேன். நேர்த்திக்கடன் என்றார். முத்கல் மொஹரம் இந்தப் பக்கத்தில் பெரிய திருவிழா, இரு மதத்தாரும் சேர்ந்து செய்வது. பிள்ளை வேண்டி வந்த அவர் பாட்டி அப்பாவுக்கு வைத்த பெயர் ஹுசேனப்பா, அதே வழக்கத்தில் இவருக்கும். "மொஹரத்துக்கு வாங்க. மே மாசம் ஏன் வந்தீங்க?" மறுபடியும் அதே கேள்வி!

திரும்பும்போது ஐந்து மணிக்கு வானம் செம்மண் நிறமாகி, புழுதிக்காற்று அடித்து, பெரிய பெரிய துளியாகப் பத்து நிமிஷம் மழை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஒன்றும் மூடவில்லை. யாரும் மூட முயலவும் இல்லை, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார்கள். லாட்ஜில் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் படுத்தேன்.

மே 21. கிருஷ்ணா

கடைசி நாள். ஷேர் ஆட்டோவில் வடக்கே, சக்திநகர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டி நிஜாம் காலத்துப் பாலம் வரை. பாலத்தின் அந்தப் பக்கம் தெலங்கானா.

பீஜப்பூர்ப் படை உயிர் தப்ப ஓடிவந்து மூழ்கிய ஆறு இது. நான் பார்த்தபோது பாறைகளுக்கு நடுவில் கணுக்காலளவுத் தண்ணீர், ஒரு பையன் டவுசரை மடித்துக்கூட விடாமல் நடந்து போனான். மேலே ஆல்மட்டியும் நாராயண்பூரும் அணை போட்டு நிறுத்தியிருக்கின்றன. 1520-இல் நிறுத்த ஆள் இல்லை.

ராய்ச்சூர் அதற்கப்புறமும் கை மாறிக்கொண்டேதான் இருந்தது. பீஜப்பூர், ஔரங்கசீப், நிஜாம். 1853-இல் நிஜாம் தோஆபைப் பிரிட்டிஷாரிடம் கொடுத்தார், 1860-இல் திரும்ப வாங்கினார். 1948-இல் ஐதராபாத்தோடு இந்தியாவில். 1956-இல் மொழிவாரியாகப் பிரித்தபோது மைசூர் மாநிலத்தில். ஆட்டோ டிரைவரிடம் இப்போது எல்லையில் என்ன தகராறு என்று கேட்டேன். யோசித்தார். "பெட்ரோல்" என்றார். கர்நாடகத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் அங்கிருந்து வண்டிகள் இங்கே வந்து ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு போகின்றன. கள்ளு அங்கிருந்து இந்தப் பக்கம் வருகிறது, அதற்குத்தான் போலீஸ்.

மார்க்கெட்டில் சட்னிப்பொடி கால் கிலோ, ஒரு கட்டு கடக் ரொட்டி, பத்து கிலோ சோனா மசூரி. அரிசி சென்னையிலேயே கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் ராய்ச்சூர் வரை போய்விட்டு அரிசி வாங்காமல் வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும்.

மந்த்ராலயம் ரோட்டில் பெட்டி மறுபடி நிரம்பியது. மொட்டைத் தலைகள், சந்தனம், பரிமள பிரசாதத்தின் ஏலக்காய் வாசனை. ஒரு பாட்டி கேட்காமலேயே ஒரு துண்டு கையில் வைத்தார். நான் கடக் ரொட்டியை உடைத்துப் பொடி போட்டுக் கொடுத்தேன். முதலில் உடைப்பது, அப்புறம் பொடி. "தம்பி எங்க போய்ட்டு வர்றீங்க?" ராய்ச்சூர் என்றேன். அங்கே என்ன இருக்கு என்பதற்குப் போனைத் திறந்து கல் வண்டியைக் காட்டினேன். பெரியவர் தண்ணீர் வீசிய அந்த ஒரு நிமிஷத்தில் எடுத்த மூன்று படங்களில் ஒன்றுதான் தெளிவு.

பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. பேரன் போனை வாங்கிக்கொண்டு, மேல் பர்த்தில் ஏறிப் படுத்து, விரலால் பெரிதாக்கி மாடுகளை எண்ண ஆரம்பித்தான். குண்டக்கல்லில் நான் எழுந்து பார்த்தபோது போன் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது, அவன் நல்ல தூக்கம்.

காலையில் கேட்டேன். "பாதி வரைக்கும் எண்ணினேன் அங்கிள். அப்புறம் வண்டி ஆடிச்சு" என்றான்.